பழவேற்காட்டில் ஒரு பகல்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு ஓய்வு என்று ஊரார் எண்ணுகிறார்கள். அது பாதிதான் வாஸ்தவம். வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளிடமிருந்து விடுதலை கிடைப்பது மெய்யே. ஆனால் வீட்டிலுள்ள இரண்டு பிள்ளைகளிடம் அன்று முதல் அகப்பட்டுக் கொள்கிறோமே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"எதிர் வீட்டார் உதகமண்டலத்துக்குப் போகிறார்கள். அடுத்த வீட்டார் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். நாம் எங்கே போகிறோம்?" என்று ஐந்து வயதுச் சின்னவன் தினம் காலையில் விசாரணை தொடங்கினான். எங்கள் பணப்பையை உத்தேசித்துப் பார்த்தால், மலைமேல் ஏறுவதைக் காட்டிலும் மொட்டை மாடியில் ஏறுவதே உசிதமாகத் தோன்றியது.

இந்தச் சமயத்தில் பத்து வயது மூத்தவள் பூகோளப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தாள். "இந்தியாவிலுள்ள உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி என்று போட்டிருக்கிறதே, அது எங்கே இருக்கிறது, அப்பா?"

"சென்னைக்கு வடக்கே. ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர் இருக்கும்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

இருபது வருஷ காலமாக அந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லி மனப்பாடம் செய்வித்து வருகிறோம். பரீட்சையில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறோம். விடை எழுதாதவர்களுக்கு மார்க் குறைத்தும் இருக்கிறோம். ஆனால் ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை! பெண்ணின் முகத்தை நேரே பார்க்க வெட்கமாயிருந்தது. மறுநாளே புறப்படுவதென்று அங்கேயே தீர்மானமாயிற்று.

விடியற்காலையில் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினோம். தயிர் சாதம், மாவடு, குடிதண்ணீர், ஆளுக்கொரு தொப்பி - இவைதான் எங்கள் யாத்திரைச் சாமான்கள். எண்ணூர், மீஞ்சூர் எல்லாம் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சென்றோம். வழியெல்லாம் வயலும் பனையுமாக வந்து, திடீரென்று காற்றில் உப்பும் மீனும் மணத்தன. பஸ் ஒரு வளைவு திரும்பிற்று. எதிரே தண்ணீர்!

ஏரி என்றால் செம்பரம்பாக்கத்தைப் போலக் கரையும் மதகும் இருக்கும் என்று குழந்தைகள் நினைத்திருந்தார்கள். "இதற்கு அந்தக் கரை எங்கே?" என்று சின்னவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினான். அவன் தேடியதில் தப்பில்லை. இந்த ஏரி வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. பெரும் பகுதி ஆந்திர தேசத்தைச் சேர்ந்தது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு நீளமாகப் படுத்து, ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் மதில்போல் நிற்கிறது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரத்தின் வழியே சமுத்திரம் உப்புத் தண்ணீரைக் கொடுக்கிறது. இத்தனை பெரிய ஏரியில் ஆழம் மட்டும் அதிகமில்லை. பல இடங்களில் ஆள் இடுப்பளவுதான். மழைக்காலத்தில் நீர் சற்று நன்னீராகும். கோடையில் வற்றி, உப்பு ஏறும்.

பறவைகளைக் காணவில்லையே என்று மூத்தவளுக்கு ஏமாற்றம். 1980-இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாயிற்று என்று அவள் படித்திருக்கிறாள். பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும் பருவம் மழைக்குப் பிந்திய குளிர்காலம். நாங்கள் போனதோ மே மாதம். நாலைந்து வெள்ளைக் கொக்குகள் மட்டும், "நாங்கள் இல்லையா?" என்பதுபோல் ஒற்றைக் காலில் நின்றன.

ஆனால் கரையில் நடந்த வேடிக்கைக்குக் குறைவில்லை. படகுகள் வந்து சேர்ந்த நேரம் அது. மடவை, கிழங்கான், கெளுத்தி, நண்டு, இறால் எல்லாம் கூடை கூடையாக இறங்கின. பெண்டிர் சுற்றி நின்று ஏலம் கேட்ட வேகத்தில், பட்டணத்து வியாபாரிகள் வாய் திறப்பதற்குள் விலை தீர்ந்துவிட்டது. எங்கள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் திணறுகிற பையன்களை ஒரு வாரம் இங்கே கொண்டுவந்து விட்டால் தேவலை என்று தோன்றிற்று.

அப்போதுதான் தொந்தரவு ஆரம்பித்தது. ஒரு படகுக்கார இளைஞர் எங்களிடம் வந்து, "முகத்துவாரம் வரைக்கும் ஒரு சுத்து சுத்திக்கினு வரலாம், வாங்க சார். கொயந்தைங்களுக்கு ஜாலியா இருக்கும்" என்றார். சின்னவன் அதற்குள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விட்டான்.

"வேண்டாம்" என்றோம்.

அவன் அழுதான். சாதாரண அழுகையல்ல, ஏலம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. குழந்தைகளின் தாயாரும், "அவர்தான் பழகினவர்போல் இருக்கிறாரே?" என்று மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு செய்தி நெஞ்சில் உறுத்திற்று. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி, பண்டிகை நாளன்று இதே இடத்துக்கு உல்லாசமாக வந்தவர்கள் படகில் ஏறிச் சென்றார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. மிதவைச் சட்டை இல்லை. படகு தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குச் சர்க்கார் தடை விதித்தார்கள். அன்று படகில் ஏறிய பெற்றோரும் நம்மைப்போலக் குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தானே இசைந்திருப்பார்கள்? ஏரி ஆழமில்லாதது, முகத்துவாரத்து நீரோட்டம் அப்படியல்ல.

பக்கத்தில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா சொல்றதுதான் சரி" என்று இளைஞரை அனுப்பிவிட்டு, சின்னவனைத் தம் அருகே உட்காரவைத்துக் கொண்டார். "இன்னாத்துக்கு அளுவுறே, கண்ணு? எனக்கும்தான் இன்னிக்குப் போட்டு இல்ல. என் பாடு வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குது. நான் அளுவுறேனா?"

"பாடு என்றால் என்ன, தாத்தா?" என்று பையன் விம்மலுக்கு நடுவில் கேட்டான்.

அந்தக் கேள்விக்காகவே நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஏரியில் இறால் நிறையப் படுகிற இடங்கள் சிலவே. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்கள் அவற்றில் முக்கியமானவை. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலையைக் கட்டினால் அடிதடியில் முடியும். பலமுள்ளவனே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவான். ஆகையால் ஏரியை நம்பி வாழும் குப்பங்கள் சிலவற்றில், தலைக்கட்டுகளைக் கணக்கெடுத்து, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டுவது என்று முறை வகுத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வரிசை. இந்த முறைக்குத்தான் 'பாடு' என்று பெயர். மீறினவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரிக்கும். சட்டப் புத்தகம் பார்த்து உண்டான ஏற்பாடல்ல இது. தலைமுறை தலைமுறையாக வருவது.

தமிழில் 'பாடு' என்றால் வருத்தம். 'பாடு' என்றால் உழைப்பு. இங்கே 'பாடு' என்றால் முறை. மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் குனிந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் இறாலைத் தடவிப் பிடித்து அதில் போட்டார்கள். இருளர் குலப் பெண்கள் அவர்கள். "அவர்களுக்குப் பாடு உண்டா?" என்று மூத்தவள் கேட்டாள்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வலையின் ஒரு கண்ணை முடிந்துவிட்டு, "இல்லம்மா" என்றார். பாடு பரம்பரையாக அதற்கு உரிய குப்பங்களுக்கே உண்டு. மற்றவர்களுக்கு வரிசையில் இடமில்லை. நல்ல முறைதான், ஆனால் யார் வரிசையில் நிற்கலாம் என்பதையும் யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும்? குழந்தை கேட்டுவிட்டாள்.

வெயில் ஏறியதும் டச்சுக்காரர் கல்லறைக்குப் போனோம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. சின்னவன் தாயாரின் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். இரண்டு நிமிஷத்துக்கெல்லாம் அவற்றின் விலாவெலும்பை எண்ண ஆரம்பித்துவிட்டான். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுச் சமாதிகள். அழகிய சித்திர வேலைப்பாடும் டச்சு எழுத்தும் கொண்ட கற்பலகைகள். இந்தியத் தொல்பொருள் துறையார் பாதுகாத்து வருகிறார்கள்.

இங்கே குழந்தைகளுக்குக் கொஞ்சம் சரித்திரம் சொன்னோம். விஜயநகர வம்சத்து இரண்டாம் வேங்கடபதி ராயரின் காலத்தில், 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே வியாபாரம் செய்ய அனுமதி பெற்றார்கள். 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கெல்லாம் 1690 வரையில் இதுவே அவர்களுடைய தலைமை ஸ்தானம். நம் நெசவாளர் நெய்த துணியை வாங்கிக் கீழ்த்திசைத் தீவுகளில் கொடுத்து, அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் பெற்றார்கள். வண்ணக் கைக்குட்டைத் துணி ஒன்றுக்கு இங்கிலீஷ் பாஷையில் இவ்வூரின் பெயரே பெயராயிற்று என்றால் அந்தத் தறிகளின் புகழை என்னென்பது! 1825-இல் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்கு மாறிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று முட்புதரும் மண்மேடுமே மிச்சம்.

கப்பலில் போனது துணி மட்டுமல்ல. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் விலைப்பட்ட நம் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக இக்கரையிலிருந்து ஏற்றப்பட்டார்கள். இன்று ஜகார்த்தா என வழங்கும் படேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

"அவர்களுடைய சமாதி எங்கே இருக்கிறது?" என்றாள் மூத்தவள்.

எங்கேயும் இல்லை என்று சொன்னோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. சரித்திர வகுப்பில் நாங்கள் அந்த வியாபாரக் கம்பெனியின் வருஷங்களை எழுதிப்போட்டோமே ஒழிய, இந்த மௌனத்தை ஒரு நாளும் உண்டாக்கியதில்லை.

சாப்பிட்டு இளைப்பாறிய பின் ஊருக்குள் சென்றோம். அராபிய வர்த்தகர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே நெடுங்காலமாக வாழ்கின்றன. பெண்கள் பனையோலையைச் சாயம் ஏற்றிக் கூடையும் பெட்டியும் முடைகிறார்கள். ஓர் அம்மாள் மூத்தவளின் கையைப் பிடித்து இரண்டு வரி முடையச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது வரி கோணலாகத்தான் வந்தது. "மொதல்ல எனக்கும் இப்படித்தாம்மா வந்துச்சு" என்று அவர் சொன்னதும் பெண்ணின் முகம் மலர்ந்தது. கூடை ஒன்று வாங்கினோம், பேரம் பேசவில்லை.

சாயங்காலம் பாலத்தைக் கடந்து கடற்கரைக்குச் சென்றோம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டை. 1971-இல் முதன் முதலாக அங்கிருந்து ராக்கெட் விட்டார்கள். இன்று உலகமே அதன் பெயரை அறியும். ராக்கெட் கிளம்பும் நாட்களில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாதென்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். தேசத்தின் பெருமைக்காக ஒரு நாள் கூலியை விடுகிறவர்கள் இவர்கள் என்பதையும் குழந்தைகள் தெரிந்துகொள்ளட்டும்.

முகத்துவாரம்தான் ஏரியின் மூச்சுக்குழல். கடலில் பிறந்த இறால் குஞ்சு அதன் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மணல் வந்து மூடிவிட்டால் இறாலும் இல்லை, பாடும் இல்லை. முன்னெல்லாம் மழை வெள்ளம் வந்து தானாகத் திறந்துவிடும். திறக்காதபோது மீனவர்களே கூடி வெட்டித் திறந்ததும் உண்டு. அது என்றும் மூடாமலிருக்க நிரந்தர வழி செய்யவேண்டும் என்பதே இவர்களுடைய நெடுநாள் கோரிக்கையாக இருந்து வந்தது.

திரும்பும் பஸ்ஸில் சின்னவன், "என் பாடு எப்போது வரும்?" என்று கேட்டான். படகில் ஏறுவதைத்தான் சொன்னான். "நீந்தக் கற்றுக்கொள். மிதவைச் சட்டையும் அனுமதியும் உள்ள படகு வரட்டும். அன்று உன் பாடு" என்றோம். அவன் ஒப்புக்கொண்டு தூங்கிப்போனான்.

நேயர்களே! மலைவாசஸ்தலங்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. சென்னையில் இருப்பவர்கள் ஒரு நாள் பழவேற்காட்டுக்குக் குழந்தைகளுடன் போய்வாருங்கள். பூநாரையைப் பார்க்க ஆசையானால் தை மாதத்தில் போங்கள். குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓலைக்கூடை ஒன்று வாங்குங்கள். குழந்தை எவ்வளவு அழுதாலும் படகில் மட்டும் ஏற்றாதீர்கள். கரையில் உட்கார்ந்து வலை முடிகிற பெரியவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த ஒரு வரியை மறுபடியும் சொல்லிக் கொடுப்போம். ஆனால் இனிமேல் அது ஒரு வரியோடு முடியாது.