ஃபேன் சத்தம்

செகண்ட் இயர் லீவில் என் கையில் 28,000 ரூபாய் இருந்தது. பாதி ட்யூஷன் எடுத்த காசு, மீதி அப்பா கொடுத்தது. மொத்தத்தையும் ஒரு செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் மேலேயும் 50 எம்எம் லென்ஸ் மேலேயும் கொட்டினேன். பின்னாடி பிளர் ஆகணும், எனக்கு அவ்வளவுதான் வேணும். நீங்களும் இப்போ அதே மாதிரி ரிவ்யூக்களைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

முதல் ஷூட் எங்க அப்பாயி. நாகப்பட்டினம் பக்கம் ஊர். 1977 நவம்பர் புயலில் கூரை போனது, விடியிற வரைக்கும் ஆட்டுக்குட்டியை மடியிலேயே வச்சிருந்தது என்று அவங்க சொல்ற கதையைப் பதிவு பண்ணணும்னு ஆசை.

சின்ன ரூம். இந்த மாதிரி கிராப் சென்சாரில் 50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் மாதிரி வேலை செய்யும். அதனால் பின்னாடி போய்ப் போய் வாசப்படியில் நின்றேன். அப்பாயிக்கும் கேமரா மைக்குக்கும் நடுவில் எட்டு அடி. மே மாசம், ஃபேனை நிறுத்த மனசு வரல. கேமராவில் ஹெட்போன் ஜாக்கும் கிடையாது. 22 நிமிஷம், படம் அருமை.

லேப்டாப்பில் போட்டுக் கேட்டால் ஃபேன் பேசுது, அப்பாயி எங்கேயோ தூரத்தில். அவங்க மூச்சு விட நிறுத்தும்போதெல்லாம் ஆட்டோ கெயின் ஃபேன் சத்தத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கு. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டேன். தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுச்சு. சரி, அடுத்த லீவில் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

அடுத்த லீவுக்கு முன்னாடியே அப்பாயிக்கு ஸ்ட்ரோக் வந்தது.

நாம படிச்ச கணக்குதான். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். எட்டு அடியை ஒரு அடி ஆக்கினால் 18 டெசிபல். எந்த லென்ஸும் இதைக் கொடுக்காது. போயா பிஒய்-எம்1 மாதிரி ஒயர் காலர் மைக் ஆயிரம் ரூபாய் பக்கம்தான், ஒயரே 6 மீட்டர். (அதில் குட்டி பேட்டரி ஒண்ணு இருக்கு, செக் பண்ணிக்கோங்க.) போன் ஏற்கெனவே உங்க கையில இருக்கு. மைக்குக்கு அப்புறம் ஒரு டிரைபாட். லைட்டுக்கு ஜன்னல் ஓரம் போதும். டியூப்லைட்தான் கதின்னா 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வச்சு லாக் பண்ணுங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இல்லேன்னா படம் மினுக்கும். பிளர் கட்டாயம் வேணும்னா ஒரு நாளைக்கு கேமரா வாடகைக்கு எடுங்க.

போன மாசம் அப்பாயி புடவையில் மைக்கைக் குத்திவிட்டு, போனில் எடுத்தேன். அவங்க பேச்சு இப்போ அப்பாவுக்கு மட்டும்தான் புரியும். அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னார். ஆட்டுக்குட்டி வந்த இடத்தில் அப்பா தப்பாச் சொல்லிட்டார் போல, அப்பாயி அவர் கையைத் தட்டிவிட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருந்தது.