அளந்து கொடுத்த வாக்கு

வீட்டுக் கணக்கைப் பிறர் அறிய எழுதுவது எளிய செயல் அன்று. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவரும் பலநாள் தயங்கிய பின்னரே இதனை எழுதத் துணிந்தோம். வங்கிக் கடனைத் தீர்க்க ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிலையில் நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு பூசை முடிந்து வெளிவரும்போது ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்கின்றோம். உள்ளத்துப் பாரத்தை ஒருவரும் சொல்வதில்லை. நாங்கள் செய்த தவறு ஒரு குடும்பத்தையாவது காக்குமாயின், எங்கள் நாணம் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.

குன்னூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை உண்டு. எங்களுள் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வண்டி ஓட்டுகின்றார். மற்றவர் இலை பறித்து, மிஞ்சிய நேரத்தில் தையல் தைக்கின்றார். வயது முதிர்ந்த அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருக்கின்றார்கள்.

நீலகிரியின் சிறு விவசாயிக்குக் கடன் புதியதன்று. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை இணைக்கும் இண்ட்கோசர்வ் 1965இல் தோன்றியது. அந்நாள் முதல் தேயிலையை நம்பியே பல ஊர்கள் வளர்ந்தன. 1991இல் சோவியத் நாடு கலைந்தபின் அந்தச் சந்தை நிலையிழந்தது. வேறு காரணங்களும் சேர, 1998க்குப் பின் பசுந்தேயிலை விலை சரிந்து, 2000ஆம் ஆண்டையொட்டிக் கிலோ ஐந்தாறு ரூபாய் என்ற அளவுக்கு வந்தது. பறிகூலிக்கும் போதாத விலை அது. 2008இல் மத்திய அரசு ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட விவசாயிகளின் நிலுவைப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது ஒருமுறை பெய்த மழை. அடுத்த மழை வரும் என்று வானத்தைப் பார்த்துத் தவணையை நிறுத்தியவர்களுள் நாங்களும் இருந்தோம்.

ஒன்றரை லட்சம் ரூபாயாக இருந்த எங்கள் கடன், 2021இல் வட்டியோடு 2,30,000 ஆகியிருந்தது. நிலப் பத்திரம் வங்கியில் இருந்தது. ஒருநாள் அழைப்பு வந்தது. ஒரேமுறைத் தீர்வாக 1,40,000 ரூபாய் கட்டினால் கணக்கை முடித்துத் தருவதாகக் கூறினார்கள். 90,000 ரூபாய் குறைகிறதே என்று மகிழ்ந்தோம். நவம்பர் முதல் ஐந்து மாதம், மாதம் 28,000 ரூபாய். அதற்கு ஐந்து காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.

ஐந்து மாதத்தில் முடியுமா என்று அதிகாரி கேட்டபோது, “முடியும் ஐயா” என்று உடனே சொன்னோம். மாதம் இருபதாயிரம் சொச்சம் வருமானமுள்ள வீடு இருபத்தெட்டாயிரம் எப்படிக் கட்டும்? அந்தக் கேள்வியை எங்களிடமே கேட்டுக்கொள்ள எங்களுக்குத் துணிவில்லை. நாணம் எங்கள் நாவை ஆண்டது. நாங்கள் ஒப்பந்தம் செய்யவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக எண்ணி ஒரு பொய் சொன்னோம்.

முதல் இரண்டு தவணைக்கு வீட்டு நகைகள் அடகுக்கடைக்குச் சென்றன. வங்கிக் கடனை அடைக்க வேறொரு கடனை வாங்கினோம் என்பதே அதன் பொருள். ஜனவரியில் உறைபனி விழுந்தது. பள்ளத்துச் செடிகள் கருகின. மூன்றாம் காசோலை பணமின்றித் திரும்பியது. திரும்பும் காசோலைக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது என்பதை அதன் பின்னரே அறிந்தோம். வழக்கு வரவில்லை, ஆனால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கடிதம் வந்தது. கட்டிய 56,000 ரூபாயைப் பழைய கடனில் கழித்தார்கள். தள்ளிக்கொடுத்த தொகை முழுவதும் மீண்டும் எங்கள் தலைமேல் ஏறியது.

மார்ச் மாதம் இன்னோர் அடி விழுந்தது. தொழிற்சாலைச் சம்பளம் அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில்தான் விழும். அதிலிருந்து 9,000 ரூபாயை வங்கி கடனுக்கு வரவு வைத்துக்கொண்டது. அப்படிச் செய்ய வங்கிக்கு உரிமை உண்டு, நாங்கள்தாம் அறியாதிருந்தோம். அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணமின்றி இருந்த அந்த இரவில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த எங்கள் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து அமர்ந்தாள். “அப்பா, எவ்வளவு கடன் என்று என்னிடம் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்போம்” என்றாள். அதுவரை பிள்ளைகளிடம் மறைத்துவந்தோம். மறைக்கும் தொல்லை அன்றோடு நீங்கியது.

பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டினார். “கொடுக்க வேண்டியதிலிருந்து தொடங்காதீர்கள், அடுப்பிலிருந்து தொடங்குங்கள்” என்றார். நீதிமன்றம் ஜப்தி செய்யும்போதுகூட, சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தொழிலாளியின் கருவி, பெண்ணின் கழுத்திலுள்ள தாலி முதலியவற்றைத் தொடலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்வதை அவர் எடுத்துக்காட்டினார். கூலித் தொழிலாளியின் கூலியும் அந்தப் பட்டியலில் உண்டு. குடும்பம் பிழைத்திருந்தால்தான் கடனும் தீரும் என்பதே அதன் கருத்து.

அன்று எழுதிய கணக்கு இன்றும் எங்களிடம் இருக்கிறது. மளிகை, காய்கறி 5,300, எரிவாயு 1,100, பள்ளிச் செலவு, பேருந்து 2,500, அம்மாவின் மருந்து 1,200, மின்சாரம், தொலைபேசி 700, நகை அடகு வட்டி 1,000, உரத்திற்கு ஒதுக்குவது 1,500. ஆக 13,300 ரூபாய். ரேஷன் அரிசி இருந்ததால்தான் மளிகை இவ்வளவில் நின்றது.

வரவை இரண்டு பட்டியலாக எழுதினோம். இலை துளிர்க்கும் மாதங்களில் சம்பளம் 13,000, செலவு போக இலைப்பணம் 7,000, தையல் 2,000, ஆக 22,000. டிசம்பர் முதல் மார்ச் வரை பனியும் வறட்சியும் ஆளும் மாதங்களில் இலைப்பணம் 1,500ஆகச் சுருங்கும்; ஆக 16,500. கொடுத்த இலைக்குப் பணம் அடுத்த மாதமே வரும் என்பதையும் குறித்துக்கொண்டோம். நல்ல மாதத்தில் மிஞ்சுவது 8,700. பனி மாதத்தில் 3,200. எங்கள் உண்மையான வலிமை அவ்வளவே. அதனை எண்ணால் கண்டபோது ஒரு வகையான அமைதி பிறந்தது.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் அறிவிப்பது இறுதி வழி. சொத்து நம் கையைவிட்டுப் போகும். எங்களுக்கு நிலம் வேண்டும். எனவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வாயிலாக, 2022இல் உதகையில் கூடிய மக்கள் நீதிமன்றத்திற்குச் சென்றோம். அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அங்கு ஏற்கும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்திடுமுன் சிந்திக்க வேண்டும்.

இம்முறை நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொண்டுசென்றோம். மொத்தம் 1,53,000 என்று முடிவாயிற்று. வங்கி எடுத்த 9,000 முதற்பணம். மீதி 1,44,000 இருபத்துநான்கு மாதத்தில். எல்லா மாதமும் ஒரே தவணை என்று வங்கித் தரப்பில் சொன்னபோது, முதன்முறையாக “முடியாது ஐயா” என்றோம். துளிர் மாதங்கள் எட்டுக்கு 7,500, பனி மாதங்கள் நான்குக்கு 3,000 என்று கேட்டோம். கணக்கைப் பார்த்த அதிகாரி ஏற்றுக்கொண்டார். உண்மையைச் சொன்னதால் எங்கள் மதிப்புக் குறையவில்லை.

பின்னர் வங்கிக் கணக்குகளை ஒழுங்குசெய்தோம். வேறொரு வங்கியில் குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, சம்பளத்தை அங்கு மாற்றினோம். இது பணத்தை ஒளிப்பதன்று. கடன் கொடுத்த வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டோம். வீட்டில் அதற்குச் சோற்றுக் கணக்கு என்று பெயர். இலைப்பணமும் தையற்பணமும் தவணைக்கென்றே வைத்த மற்றொரு கணக்கிற்குச் சென்றன. குறைந்ததை மட்டும் சம்பளத்திலிருந்து சேர்த்தோம். காசோலை கொடுக்கவில்லை. மாதந்தோறும் நேரில் கட்டி, ரசீதை நோட்டில் ஒட்டினோம். நல்ல மாதத்தில் மிஞ்சிய 1,200 அஞ்சலகச் சேமிப்பில் சேர்ந்தது.

இளையவனின் முதல் நன்மை அந்த இரண்டாண்டுக்குள் வந்தது. ஊரை அழைத்து விருந்து வைப்பதே வழக்கம். நாங்கள் வீட்டில் பாயசம் வைத்து, தாத்தா பாட்டியரை மட்டும் அழைத்தோம். சட்டையை அவன் அம்மாவே தைத்தார். “விருந்து இல்லையா?” என்று கேட்டவர்களிடம், “கடன் கட்டுகின்றோம்” என்றோம். அந்த இரண்டு சொற்களைச் சொல்லப் பழகியது பெரிய விடுதலை. மறுவாரமே ஒருவர் தனியே வந்து, “உங்கள் நோட்டைக் காட்டுவீர்களா?” என்று கேட்டார்.

2024 ஆகஸ்டில் கடைசித் தவணையைக் கட்டினோம். நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கினோம். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் வந்தது. வில்லங்கச் சான்று போட்டு, அடைமானம் நீங்கிய பதிவையும் சரிபார்த்தோம். ஒன்று மட்டும் மீதி உண்டு. தள்ளுபடியோடு தீர்த்த கடன் என்ற குறிப்பு சிபில் ஏட்டில் சில ஆண்டுகள் நிற்கும். புதுக்கடன் எளிதில் கிடைக்காது. அதனையும் நன்மைக்கென்றே எடுத்துக்கொண்டோம்.

இறுதியாக ஒரு கணக்கு. முதல் ஒப்பந்தத்தைக் காத்திருந்தால் 1,40,000 ரூபாயில் முடிந்திருக்கும். நாங்கள் கட்டியது மொத்தம் 2,09,000. இடையிலுள்ள 69,000 ரூபாய், எங்கள் ஓராண்டுத் தவணைக்கு ஏறக்குறைய சமம். அடகு வைத்த வளையல்களுள் ஒன்று இன்னும் மீளவில்லை. அது அன்று வெட்கப்பட்டு “முடியும்” என்று சொன்னதன் விலை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காசுக்கு மட்டுமன்று, வாக்குக்கும் அது பொருந்தும். கடன் தீர்க்க உட்காரும் குடும்பமே, முதலில் பிள்ளைகளோடு உட்காருங்கள். பனி மாதத்தை முன்னே வைத்து எண்ணுங்கள். அந்த மாதத்திலும் காக்கக்கூடிய வாக்கை மட்டும் கொடுங்கள்.