இரண்டு தண்ணீர்

கூரைக்குச் சற்றுக் கீழே, வெளிச்சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் விரல்போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று காய்ந்து கிடந்தது. மற்றதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டு வழிந்த செங்கல்லில் துருநிறத்தில் ஒரு கோடு.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். நூறு வருடத்துக்கு மேல் பழைய வரிசை வீடு. பெரியம்மா மகள் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "ஸ்விட்ச் போட்டா வருதுடா" என்பதற்கு மேல் அக்காவிடம் பதில் இல்லை. நவம்பர் குளிரில் பழுதுபார்க்க வந்தவர் ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர். கேஸ் வேலை செய்வதற்கான பதிவு அட்டையை முதலில் காட்டினார். அது இல்லாதவர் இங்கே பாய்லரில் கைவைக்கக் கூடாது.

"மேலயிருந்து கீழ வருவம். அப்பதான் விளங்கும்" என்று பரணுக்கு ஏணி போட்டார். "தம்பி, மரச்சட்டத்தில மட்டும் கால் வையுங்கோ. இல்லாட்டி கீழ பெட்ரூமில நிப்பீங்கள்."

கூரையின் சரிவுக்குள், பஞ்சுப்பொதிக்கு நடுவே இரண்டு தொட்டிகள். மரப்பலகை மேடையில் பெரியது ஒன்று, இருநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். பக்கத்திலேயே, ஒரு வாளியைவிடக் கொஞ்சம் பெரியதாக இன்னொன்று. இரண்டிலும் மிதவை வால்வு. இரண்டின் தலைக்கு மேலும் கைத்தடிபோல வளைந்து நிற்கும் ஒரு செம்புக் குழாய். ஓவர்ஹெட் டேங்க் நமக்குப் புதிதா? "மோட்டார் எங்கண்ணா?" என்று கேட்டேன். சிரித்தார். தெருக்குழாயின் அழுத்தமே தண்ணீரை மூன்றாவது தளத்து உயரத்துக்குத் தள்ளிவிடுகிறதாம். சம்பிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றியே வளர்ந்த எனக்கு, அன்று பார்த்ததிலேயே பெரிய அதிசயம் அதுதான்.

பெரிய தொட்டி குளிக்கும் தண்ணீருக்கு. சரி, சிறியது எதற்கு?

அதற்குப் பதில் மாடி அறையின் அலமாரிக்குள் இருந்தது. கதவைத் திறந்ததும் இளஞ்சூடு முகத்தில் அடித்தது. மேலே மரச்சட்டத் தட்டுகளில் அக்கா துண்டுகளை உலர்த்தியிருந்தாள். கீழே, சிவப்பு மெத்தை உறை போர்த்திக் கயிற்றால் கட்டிய செம்பு உருளை, என் நெஞ்சுயரத்துக்கு. நூற்றுச்சொச்சம் லிட்டர். பெரிய தொட்டியின் தண்ணீர் அடிப்பக்கமாக இதற்குள் இறங்குகிறது. சூடானது உச்சியிலிருந்து குழாய்களுக்குப் போகிறது.

சூடாக்குவது எது? உள்ளே சுருண்டு கிடக்கும் ஒரு செம்புச் சுருள். அதற்குள் ஓடுவது வேறு தண்ணீர். பாய்லரில் காய்ந்து, சுருளுக்குள்ளும் ரேடியேட்டர்களுக்குள்ளும் சுற்றிவிட்டு மறுபடி பாய்லருக்கே திரும்புவது. வருடக்கணக்காக அதே தண்ணீர். ரேடியேட்டரின் இரும்பைத் தின்று மை மாதிரிக் கறுத்திருக்கும். "இதில ஆரும் குளிக்க ஏலாது" என்றார். எனக்குப் பால் குக்கர் ஞாபகம் வந்தது. வெளிச்சுவருக்குள் ஊற்றும் தண்ணீர் பாலைக் காய்ச்சும், பாலோடு ஒருநாளும் கலக்காது. இங்கேயும் அப்படித்தான். என்ன, காய்ச்சும் தண்ணீர் உள்ளே, காயும் தண்ணீர் வெளியே.

இது பிடிபட்டதும் பரணின் குட்டித் தொட்டியும் பிடிபட்டது. சுற்றும் தண்ணீருக்கு அதுதான் தாய்வீடு. குறைந்தால் அங்கிருந்து நிரம்பும். சூட்டில் பெருகினால் அங்கே ஏறிக்கொள்ளும். 10 டிகிரியில் 100 லிட்டராக இருப்பது 80 டிகிரியில் ஏறக்குறைய 3 லிட்டர் கூடிவிடும். அந்த இடத்தை விடத்தான் மிதவையைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கைத்தடிக் குழாய்கள், தண்ணீர் கட்டுமீறிக் கொதித்தால் அந்தந்தத் தொட்டிக்குள் கக்குவதற்கு.

உருளையின் தலையில் ஒரு மின் கம்பிச் சூடாக்கியும் உண்டு, 3 கிலோவாட். பாய்லர் படுத்தால் அதுதான் துணை. அக்கா சொன்ன ஸ்விட்ச் அதுவேதான். ஆறு மாதமாக மின்சாரத்தில் குளித்திருக்கிறாள்! கட்டணத்தை நினைத்து அவள் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் பேச்சை மாற்றினார்.

இந்த நாட்டு வாஷ்பேசினில் ஏன் இரண்டு குழாய், ஒன்றில் உறைகிறது, ஒன்றில் பொசுக்குகிறது என்று நான் பலமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன். காரணம் இந்தப் பரண்தான். குளிர்நீர் பல வீடுகளில் தெருக்குழாயிலிருந்து நேரே வருவது, குடிக்கத்தக்கது. வெந்நீரோ பரண்தொட்டியில் கிடந்து வருவது. அந்தக் காலத்துத் தொட்டிக்கு மூடிகூட இருக்காது, எலி விழுந்தாலும் தெரியாது. இரண்டும் ஒரே வாயில் கலந்தால் தொட்டித் தண்ணீர் பின்னோக்கிக் குடிநீருக்குள் புகுந்துவிடலாம் என்ற பயம். அழுத்தமும் வேறு வேறு. உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார்தான் கிடைக்கும். மாடி ஷவர் அழுதுவடிவது அதனால்தான்.

பாய்லரைத் தேடி அடுக்களைக்குப் போனேன். அங்கே இல்லை. முன்னறையில், பழைய கணப்பின் செங்கல் குழிக்குள், கேஸ் கணப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. முன்பு நிலக்கரி எரிந்த இடம். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பிறகு 1967 தொடங்கிப் பத்து வருடத்தில் நாடு முழுக்க வட கடல் எரிவாயுவுக்கு மாறியது. புகைபோக்கி சும்மா இருக்கிறதே என்று அதே குழிக்குள் பாய்லரைச் சொருகினார்கள். சிக்கனம் என்று பார்த்தால் இது தேறாது, சூட்டில் நல்ல பங்கு புகையோடு போய்விடும். 2005-க்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாக வைப்பது, புகையின் சூட்டையும் பிழிந்தெடுக்கும் வகையாகவே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் இதன் ஒரு கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்தது. உருளைக்குச் சூடு ஏற பம்ப் தேவையில்லை. சூடான நீர் லேசாகித் தானே மாடியேறுகிறது. ஆறியது கனத்துத் தானே இறங்குகிறது. ரேடியேட்டர்களுக்கு மட்டும்தான் பம்ப்.

மறுபடி பரண். சொட்டுவது குட்டித் தொட்டியின் வழிகுழாய். மிதவை வால்வுதான் பழுது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மிதவையைத் தூக்கிக் கம்பியால் கட்டினார். தெருக்குழாய்த் தண்ணீர் இனி அதற்குள் வராது. இருந்த தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே இறைத்து, நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்றார்.

அரை மணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு மேல் இரண்டு விரற்கடை. எங்கிருந்து?

பெரிய தொட்டியைக் காட்டினார். மேடையில் இருப்பதால் அதன் நீர்மட்டம் ஒரு சாண் உயரம். "சுருள் ஓட்டையாப் போச்சு தம்பி. அங்கத்தையத் தண்ணி உருளைக்குள்ளால இஞ்ச ஏறுது." கலக்கவே கூடாத இரண்டும் கலந்துவிட்டன. கீழே வந்து, உருளைக்குப் போகும் குளிர்நீர்க் குழாயின் சிவப்புச் சக்கர வால்வைத் திருகி மூடி, குளியலறை வெந்நீர்க் குழாயை ஓட்டம் நிற்கும்வரை திறந்துவிட்டார். வெளியே போய்ப் பார்த்தோம். சொட்டு நின்றிருந்தது.

உருளையையே மாற்ற வேண்டும். வேண்டுமானால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சுவரில் ஒற்றை காம்பி பாய்லர் மாட்டலாம், தொட்டியும் வேண்டாம், அலமாரியும் மிச்சம் என்றார். அக்கா யோசித்தாள்.

"அப்ப துண்டை எங்க காயப்போடுறது?" என்றாள். பிறகு, "இந்தச் செம்பு எவ்வளவு எடை இருக்கும்ணா?"