காணாமல் போன 15 செகண்ட்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த வாரம். தங்கமணிகிட்ட ரொம்ப நாளா பீத்திக்கிட்டிருந்த விஷயத்தைக் காட்டிடலாம்னு ஸ்ட்ரீமிங் ஆப்பைத் திறந்து 'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல்ல ஒரு எபிசோடைப் போட்டேன். "இப்ப வரும் பாரு, காஃபி கடை சோபால உட்கார்ந்து பேசுவாங்க, அதுல ஒரு டயலாக். அதைத்தான் நாங்க ஹாஸ்டல்ல நாலு வருஷமா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்"னு பில்டப் எல்லாம் கொடுத்தாச்சு.

வரலை.

முன்னாடி வர்ற வசனம் வந்தது, பின்னாடி வர்ற காட்சி வந்தது. நடுவுல அந்த 15 செகண்ட் மட்டும் இல்லை. பின்னாடி தள்ளி மறுபடி போட்டேன். இல்லை. வேற எபிசோடா இருக்குமோன்னு முன்னாடி ஒண்ணு, அடுத்து ஒண்ணு பார்த்தேன். ம்ஹூம். தங்கமணி ஒரு பார்வை பார்த்துட்டு, "நீங்களா கற்பனை பண்ணிக்கிட்டீங்களா?"ன்னு கேட்டுட்டுத் தூங்கப் போயிட்டாங்க. நல்ல பெரிய சைஸ் பல்பு.

இந்த இடத்துல கொசுவர்த்தி சுத்தியே ஆகணும், மன்னிக்க.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இஞ்சினியரிங் சேர்ந்தப்போ இங்கிலீஷ்ல யாராவது பேசினா சிரிச்சுத் தலையாட்டிடுவேன், அவ்வளவுதான். ரூம்மேட் சென்னைக்காரன், சரளமா பேசுவான். அவன்கிட்ட ஒரு 500 ஜிபி ஹார்டு டிஸ்க், அதுல ஃப்ரெண்ட்ஸ் 10 சீசனும், மொத்தம் 236 எபிசோடு. யாரோ டிவிடியிலிருந்து உருவி எடுத்த காப்பி, சீனியர் கைமாறி ஜூனியர் கைமாறி வந்தது. (திருட்டு காப்பிதான். இதுல பெருமைப்பட ஒண்ணுமில்லை.) ராத்திரி மெஸ் முடிஞ்சதும் ஒரு எபிசோடு. ஜோக் புரியலைன்னா நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். நிறுத்தி, பின்னாடி தள்ளி, விளக்கம் சொல்லி, மறுபடி போடுவான். ஒரு தடவைகூட "இதுகூடவா தெரியாது"ன்னு கேட்டதில்லை. எனக்கு இங்கிலீஷ் வந்தது அப்படித்தான்.

அந்தக் காஃபி கடை டயலாக் எங்களுக்கு மந்திரம் மாதிரி. அரியர் விழுந்தா சொல்லுவோம், வைவா ஊத்திக்கிட்டா சொல்லுவோம். என்ன டயலாக்னு இங்கே எழுதலை, எழுதினா மொக்கையா இருக்கும். சிரிப்பு அதுல இல்லை, அவன் அதைச் சொல்ற விதத்துல இருந்தது.

சரி, அந்த 15 செகண்ட் எங்கே போச்சு? ஸ்ட்ரீமிங்காரன்தான் வெட்டிட்டான்னு கடுப்புல தேட ஆரம்பிச்சேன். சீரியல்களை வெட்டுற கதை நிறையவே இருக்கு, காரணமும் பல விதம்.

ஒண்ணு, பாட்டு. 1978-லேருந்து 1982 வரைக்கும் அமெரிக்க சிபிஎஸ் சேனல்ல 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி'ன்னு ஒரு காமெடி வந்தது. கதையே ஒரு ரேடியோ ஸ்டேஷன் பத்தினது, அதனால அப்போதைய ஹிட் பாட்டெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தப் பாட்டுகளுக்கு உரிமை வாங்கினது டிவியில ஓட்டத்தான். வீட்டுல பெட்டியா வாங்கி வெச்சுக்கிற காலம் வரும்னு ஒப்பந்தத்துல யாரும் எழுதலை. 2007-ல ஃபாக்ஸ் முதல் சீசனை டிவிடியா போட்டப்போ, பல பாட்டைத் தூக்கிட்டு ஊர் பேர் தெரியாத இசையைப் போட்டாங்க. பாட்டு மேல வசனம் வந்தா அதைத் தனியா பிரிக்க முடியாதே? காட்சியை வெட்டு, இல்லைன்னா வேற குரலை வெச்சு வசனத்தையே மறுபடி டப் பண்ணு. ரேடியோ ஸ்டேஷன் கதையில பாட்டு இல்லைன்னா, இட்லிக் கடையில இட்லி இல்லாத மாதிரி. 2014-ல ஷௌட் ஃபேக்டரி கம்பெனி முழு சீரியலையும் வெளியிட்டப்போதான் நிறைய பாட்டுக்கு மறுபடி உரிமை வாங்கிச் சேர்த்தாங்க.

'தி வொண்டர் இயர்ஸ்' கதையும் அதேதான். 1993-ல முடிஞ்ச சீரியல், முழு டிவிடி வந்தது 2014-ல. நடுவுல 21 வருஷம்! தாமதத்துக்குப் பெரிய காரணம் பாட்டு உரிமை. அதுக்கு முன்னாடி 2011-ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தப்போ, ஜோ காக்கர் தொண்டை கிழியப் பாடின டைட்டில் பாட்டுக்குப் பதிலா, வேறொருத்தர் பாடின அதே பாட்டு. 'டாசன்ஸ் க்ரீக்'ல டைட்டில் பாட்டையே மாத்திட்டாங்க. மூணாவது சீசன் டிவிடியிலிருந்து பௌலா கோல் பாட்டு போய் ஜேன் ஆர்டன் பாட்டு வந்தது. 2021-லதான் நெட்ஃப்ளிக்ஸ்ல பழைய பாட்டு திரும்பி வந்தது.

ரெண்டாவது காரணம், விளம்பரம். ஒரு சீரியலை மறு ஒளிபரப்புக்கு மத்த சேனல்களுக்கு விக்கும்போது, கூடுதல் விளம்பரம் போட இடம் வேணும்னு எபிசோடுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் கத்தரிப்பாங்க. 2005-ல 'ரோசான்' முதல் சீசன் டிவிடி வந்தப்போ, அந்தக் கத்தரிச்ச பிரதியையே போட்டுட்டாங்க. அதே வருஷம் 'காஸ்பி ஷோ' முதல் சீசனுக்கும் அதே கதி. காசு கொடுத்துப் பெட்டி வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா? கிழிச்சுத் தொங்க விட்டாங்க.

இதெல்லாம் படிச்சு, "ஆஹா, நம்ம 15 செகண்டும் இப்படித்தான் போயிருக்கு"ன்னு ஸ்ட்ரீமிங்காரனைத் திட்டி ஒரு பதிவு போட டிராஃப்ட் வரைக்கும் எழுதிட்டேன். அப்புறம்தான் ஃப்ரெண்ட்ஸ் டிவிடி பத்தித் தனியா படிச்சேன். இங்கேதான் சொந்த செலவில் சூனியம்.

ஃப்ரெண்ட்ஸ்ல நடந்தது தலைகீழ். 1994 முதல் 2004 வரை என்பிசியில ஒளிபரப்பானப்போ அரை மணி நேர ஸ்லாட்ல விளம்பரம் போக மிச்சம் 22 நிமிஷம் மாதிரிதான். எடுத்தது அதைவிட அதிகம், மிச்சத்தை எடிட்டிங்ல தள்ளிட்டாங்க. 2002-லேருந்து அமெரிக்காவுல சீசன் சீசனா டிவிடி வந்தப்போ, அப்படித் தள்ளின துண்டுகளைப் பல எபிசோடுகள்ல திரும்ப ஒட்டிட்டாங்க. டிவியில வராத காட்சிகள் இருக்குன்னு அதை வெச்சே விளம்பரமும் செஞ்சாங்க. அப்புறம் 2012-ல ப்ளூரே வந்தப்போ, 35 எம்எம் ஃபிலிமிலிருந்து புதுசா எடுத்து அகலத் திரைக்கு மாத்தினாங்க. ஆனா எபிசோடுகள் மட்டும் டிவியில வந்த அளவுக்கே. டிவிடிக்காக ஒட்டின துண்டுகளெல்லாம் மறுபடி வெளியே போச்சு. ஸ்ட்ரீமிங்ல நான் பார்த்ததும் அந்த அளவுதான்.

அதாவது, எதுவுமே காணாமல் போகலை. 'ஒரிஜினல்'னு உலகம் பார்த்ததுல அந்த 15 செகண்ட் இருந்ததே இல்லை! நான் கட்டிப்பிடிச்சு வெச்சிருந்ததுதான் திருத்தின பதிப்பு. பெட்டி இருந்திருந்தா அட்டையைப் படிச்சுத் தெரிஞ்சிருப்போம். எங்ககிட்ட இருந்தது வெறும் ஃபைல், அதுக்கு ஏது அட்டை?

அப்படின்னா ஒரிஜினல் எது? டிவியில வந்ததா? அதுவும் வெட்டினதுதானே. 2001-ல ஒரு எபிசோடுக்கு, சாண்ட்லர் ஏர்போர்ட்ல வெடிகுண்டு பத்தி ஜோக் அடிச்சு செக்யூரிட்டிகிட்ட மாட்டிக்கிற மாதிரி ஒரு கிளைக்கதை எடுத்தாங்க. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததும் அதை அப்படியே தூக்கிட்டு, மோனிகாவுக்கும் சாண்ட்லருக்கும் வேற கதை எடுத்து அக்டோபர்ல ஒளிபரப்பினாங்க. அந்தக் காட்சிகள் பிற்பாடு தனியா வெளியே வந்தது. அந்தச் சமயத்துல அந்த வெட்டு நியாயம்தான்னு எனக்குத் தோணுது. ஆக, வெட்டறது எல்லாமே அநியாயம்னு சொல்ல முடியாது. வெட்டினதை வெட்டினேன்னு சொல்லணும், வெட்டின துண்டைப் பத்திரமா வெச்சிருக்கணும். நம்ம ஆபீஸ்ல ஒரு வரி கோடு மாத்தினாக்கூட யாரு மாத்தினா, எப்போ, எதுக்குன்னு எழுதி வெக்கிறோமே, அந்த மாதிரி.

இவ்வளவு தெளிவு கிடைச்சும் ஒரு அரிப்பு போகலை. அந்தக் காட்சியை நான் நிஜமாவே பார்த்தேனா? அதுக்குச் சாட்சி உலகத்துல ஒரே ஒருத்தன். அவன்கூட நான் பேசி ரொம்ப வருஷம் ஆச்சு.

சண்டைன்னு ஒண்ணும் இல்லை, என் ஞாபகத்துல. 2017 ஆகஸ்ட்ல கேம்பஸ் இன்டர்வியூ. எனக்கு இங்கிலீஷ் கத்துக் கொடுத்தவன் வெளியே, கத்துக்கிட்டவன் உள்ளே. அன்னைக்கு மெஸ்ல, "விடு மச்சி, அடுத்த கம்பெனில பாத்துக்கலாம்"னு தோள்ல கை போட்டேன். அவன் தட்டை வெச்சுட்டு எழுந்து போனான். அதுக்கப்புறம் ஃப்ரெண்ட்ஸ் பார்க்கறது நின்னுபோச்சு. பொறாமைப்படறான்னு நினைச்சேன். உண்மையைச் சொல்றேன், இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணேன். மூணாவது ரிங்லயே எடுத்தான். நலம் விசாரிச்சு முடிஞ்சதும் விஷயத்தைச் சொன்னேன். "அது டிவிடில மட்டும்தாண்டா இருக்கும்"னு பட்டுனு சொன்னான். கட்டின பொண்டாட்டி நம்பலைன்னாலும் இவன் சொன்னதுல உசிரு வந்தது.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அன்னைக்கு மெஸ்ல அந்த டயலாக்கை என்னைப் பாத்து நீ சொன்னப்புறம் நான் அந்த எபிசோடைப் பாக்கவே இல்லை"ன்னான்.

நான் சொன்னேனா? எப்போ?

"எல்லாரும் இருந்தாங்க. என்னை மாதிரியே இழுத்துச் சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க." கோபமா சொல்லலை, சீசன் நம்பர் சொல்ற மாதிரிதான் சொன்னான்.

என் பதிப்புல அது இல்லை, மக்களே. தோள்ல கை போட்டது இருக்கு, அவன் எழுந்து போனது இருக்கு. நடுவுல இருந்தது மட்டும் இல்லை. எப்போ வெட்டினேன்னு எனக்கே தெரியலை. ஆனா அவன் சொன்னதும், மேஜையில இருந்தவங்க சிரிச்ச சத்தம் லேசா ஞாபகம் வந்தது. வராம இருந்திருக்கலாம்.

"நான் அதை மறந்தேபோயிட்டேன்டா"ன்னேன். "தெரியும்"னான். சாரின்னேன். "சரி விடு"ன்னான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை, வெச்சுட்டோம்.

சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஒரு துண்டு வீடியோ வந்தது. அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூசி தட்டி எடுத்திருக்கான். சதுரத் திரை, மங்கலான கலர், அரை செகண்ட் பிந்தி வர்ற சப்டைட்டில். அதே காஃபி கடை, அதே சோபா. தங்கமணியைக் கூப்பிட்டு ஜெயிச்ச முகத்தோட காட்டினேன்.

ஒரு விஷயம் சொல்லணும். அந்த டயலாக் நாங்க சொன்ன மாதிரி இல்லை. நடிகர் சாதாரணமா, வேகமா சொல்லிட்டுப் போயிடறாரு. அந்த இழுவையும் கடைசியில வர்ற வார்த்தையும் எங்க ஆள் சேர்த்தது.

தங்கமணி பார்த்துட்டு, "இதுக்கா இவ்வளவு?"ன்னு கேட்டாங்க.

அவனுக்கு ஒரு ஸ்மைலி மட்டும் அனுப்பினேன். வேற ஏதோ டைப் பண்ணி, அழிச்சு, மறுபடி டைப் பண்ணி, கடைசியில, "அடுத்த மாசம் சென்னை வரேன். அந்த டிஸ்க்கை எடுத்து வை"ன்னு அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு வந்திருக்கு. பதில் இன்னும் வரலை.

டிஸ்கி: ஸ்ட்ரீமிங்காரனைத் திட்டி எழுதின அந்த டிராஃப்டை அழிச்சுட்டேன். இந்த ஒரு வெட்டை மட்டும் சொல்லிட்டே செய்யறேன் :)