வீட்டு விளம்பரமும் எழுதாத வரிகளும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது மற்றொன்று. முன்னது சொந்த வீட்டின் இன்றியமையாமையையும், பின்னது அதனை அடைவதன் அருமையையும் உணர்த்தும். ஆயினும், மலேசியத் தோட்டப்புறங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழருக்கு இவ்விரு பழமொழிகளும் பல தலைமுறைகளாக வெறும் சொற்களாகவே இருந்தன. அவர்கள் குடியிருந்த லயன் வீடு தோட்ட நிருவாகத்துக்கு உரியது. கூரையும் சுவரும் தண்ணீர்க் குழாயும் வேலையோடு வந்தவை, வேலையோடு போனவை. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையை இழந்தவர் வீட்டையும் இழந்து தெருவில் நின்றனர். 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கு அத்துயரமே காரணம்.

அத்தகைய லயன் வீடொன்றில் பிறந்த ஒருவர் இன்று கிள்ளானில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கு மேற்பார்வையாளர். மனைவி பாலர்பள்ளி ஆசிரியை. பதினான்கு வயது மகள் இடைநிலைப்பள்ளி மாணவி. முப்பத்தோர் ஆண்டுகள் மரம் சீவிய தந்தையும் அவர்களோடு இருக்கிறார். குடியிருந்த வாடகை வீட்டின் உரிமையாளர், தம் மகனுக்கு வீடு தேவைப்படுகிறதென்று கூறி ஆண்டிறுதிவரை தவணை கொடுத்தார். அன்றிரவே அக்குடும்பத்தில் வீடு தேடும் படலம் தொடங்கிற்று.

இரவு உணவுக்குப் பின் மனைவி கைப்பேசியில் விளம்பரங்களைப் படிப்பார். மகள் பழைய பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கட்டங்கள் வரைந்து இடம், விலை, அளவு, உரிமை எனக் குறித்துக்கொள்வாள். பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவருக்கு அவ்விளம்பரங்களின் மலாயும் ஆங்கிலமும் படிக்க வாரா.

வீட்டு விளம்பரமும் ஒரு தனி நடை உடையது. அதனைப் படிக்கப் பழகுதல் வேண்டும். ‘நகருக்குப் பத்தே நிமிடம்’ என்றது ஒரு விளம்பரம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்று பார்த்தபோது நாற்பத்தைந்து நிமிடம் பிடித்தது. விளம்பரம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. எந்த நேரத்தில் என்பதை மட்டும் சொல்லாது விட்டார். ‘வளர்ந்துவரும் பகுதி’ என்றால் பேருந்தும் கடையும் இனிமேல்தான் வரும் என்று பொருள். ‘முதலீட்டுக்கு மிக ஏற்றது’ என்ற தொடர், குடியிருப்பதற்கு ஏற்றதா என்னும் வினாவைத் தொடுவதே இல்லை.

ஒற்றைமாடி வரிசை வீடு ஒன்றின் அளவு 1,600 சதுர அடி என்று போட்டிருந்தது. மனையின் அளவோ 20 அடிக்கு 70 அடி. மகள் பெருக்கிப் பார்த்து, “மனையே 1,400 சதுர அடிதானே, அப்பா. மாடியில்லாத வீடு மனையைவிடப் பெரிதாக எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். முகவரை அழைத்து வினவியபோது, அடுத்த தெருவிலுள்ள மாடி வீட்டின் அளவு தவறி இடம்பெற்றுவிட்டதாகச் சிரித்தபடி கூறினார். மற்றொரு வீட்டில் சமையலறை பின்மதில்வரை நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று பெருமையோடு எழுதியிருந்தனர். அந்நீட்டிப்புக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஒப்புதலின்றிக் கட்டியதை வாங்குபவர் அதன் சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார்.

நில உரிமை பற்றிய சொல் விளம்பரத்தின் அடியில் ஒரு மூலையில் இருக்கும். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசு நிலத்தை நிரந்தர உரிமையாகவோ, 99 ஆண்டுக்கு மேற்படாத குத்தகையாகவோ வழங்கலாம். விலை குறைவென்று மகிழ்ந்து பார்த்த வீடொன்றின் குத்தகை 1985இல் தொடங்கியது, 2084இல் முடிவது. எஞ்சிய காலம் அறுபது ஆண்டுக்கும் குறைவு. குத்தகைக் காலம் குறையக் குறைய வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும், விற்பதும் அரிதாகும். தன் முதுமையில்தான் அந்த நிலம் அரசிடம் திரும்பும் என்று மகள் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். பூமிபுத்ராவுக்கு ஒதுக்கப்பட்ட மனைகளும் இடையிடையே வந்தன. அவற்றை அவர் வாங்க இயலாது. அக்குறிப்பை முதலிலேயே படிக்கப் பழகியபின் வீண் அலைச்சல் குறைந்தது.

மேம்பாட்டு நிறுவனம் புதிதாகக் கட்டி விற்கும் வீட்டுக்கு 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் காவல் நிற்கிறது. அதன் விதிகளின்படி உரிம எண், விளம்பர அனுமதி எண், நில உரிமையின் வகை, வீடு முடியும் காலம் முதலியவை விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் பழைய வீட்டுக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கே வாங்குபவரின் கண்ணும் கேள்வியுமே காவல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் அனைவரும் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றனர். வெள்ளைச் சுவர்கள், புதிய கதவுகள், பளிச்சிடும் தரை. மனைவிக்கு வீடு பிடித்துவிட்டது. பெரியவர் மட்டும் உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். கால்வாயைக் குனிந்து பார்த்தார். பின்மதிலின் அருகே நின்று மகனை அழைத்தார். மதிலில் இடுப்பளவு உயரத்தில் மங்கிய பழுப்புக் கோடு ஒன்று நேராக ஓடிற்று. “தண்ணீர் இந்த அளவுக்கு வந்து, சில நாள் நின்றுதான் வடிந்திருக்கிறது” என்றார். பக்கத்து வீட்டாரை விசாரித்தபோது அது உண்மையென்று தெரிந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பட்ட பாட்டை நாடே அறியும். அதே மழையில் இந்தத் தெருவும் மூழ்கியிருந்தது. வீட்டின் உள்ளே புதிய சாயம் பூசியவர்கள் பின்மதிலை மறந்துவிட்டனர். விளம்பரத்தில் எழுதப்படாத வரி மதிலில் எழுதப்பட்டிருந்தது. அதனைப் படித்தவர் எழுத்தறிவு குறைந்த அந்த முதியவரே.

பின்னொரு நாள், சந்தை விலையினும் மிகக் குறைந்த விலையில் ஒரு வீடு கண்ணிற்பட்டது. ‘ஏலம்’ என்ற சொல் சிறிய எழுத்தில் இருந்தது. கடன் தவணை தவறிய வீட்டை வங்கி ஏலத்துக்கு விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் பத்து விழுக்காட்டை உடனே செலுத்தி, மீதியைக் குறித்த நாளுக்குள் கட்டவேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் பெரும்பாலும் எடுத்தவருடையதே. வெளியிலிருந்தாவது பார்த்துவரலாம் என்று தந்தையும் மகனும் சென்றனர். வாசல் கொடியில் ஒரு சிறுவனின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் அதனைச் சற்று நேரம் பார்த்தார். “வா, போவோம்” என்றார். வழியில் வேறெதுவும் பேசவில்லை.

இறுதியில் இரண்டு வீடுகள் எஞ்சின. ஒன்று 4,20,000 வெள்ளி விலையுள்ள இரட்டைமாடி வீடு. மற்றொன்று காப்பாரில் 3,00,000 வெள்ளி விலையுள்ள ஒற்றைமாடி வீடு. இரண்டும் நிரந்தர உரிமை நிலத்தில் அமைந்தவை. மகள் கணக்குப் போட்டாள். பத்து விழுக்காடு கைப்பணம் போக, காப்பார் வீட்டுக்குக் கடன் 2,70,000 வெள்ளி. நூற்றுக்கு நான்கு வட்டியில் 35 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,195 வெள்ளி. மொத்தம் கட்டுவது 5,02,000 வெள்ளிக்கும் மேல். மாடி வீட்டின் தவணையோ 1,674 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி, ஆண்டுதோறும் நில வரி, மதிப்பீட்டு வரி ஆகியவை இவற்றுக்குப் புறம்பானவை. கைப்பணத்தில் ஒரு பகுதியை ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்கத்தக்க கணக்கிலிருந்து பெறலாம் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் பெரியவர் கண்திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வேலை போய்விட்டால் வீட்டை விட்டுப் போகச் சொல்வார்களா?”

மகனுக்கு உடனே விடை வரவில்லை. ‘இது நம் சொந்த வீடு, அப்பா, யாரும் போகச் சொல்ல முடியாது’ என்று சொல்லவே அவர் மனம் விரும்பியது. கொடியில் கண்ட சீருடை அதனைச் சொல்லவிடாது தடுத்தது. “முதலாளி சொல்ல முடியாது, அப்பா. தவணை தவறினால் வங்கி சொல்லும்” என்றார்.

“ஒரு சம்பளம் நின்றாலும் கட்டக்கூடிய வீடு எது?”

மகள் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினாள். காப்பார் வீடு.

நில அலுவலகத்தில் தேடல் செய்து, விற்பவர் பெயரிலேயே பட்டா இருப்பதையும், வங்கிக் கடன் தவிர வேறு தடை இல்லாமையையும் அறிந்த பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பம் இட்டனர். மாடி வீட்டை எண்ணி மனைவி சில நாள் வருந்தியது உண்டு. புது வீட்டில் குடிபுகுந்த நாளில் பெரியவர் செய்த முதல் வேலை, பின்மதிலையும் கால்வாயையும் ஒருமுறை பார்த்துவந்ததுதான்.

தமிழ்ப்பள்ளிகளில் கருத்துணர்தல் என்னும் பாடம் உண்டு. கொடுத்த பத்தியைப் படித்து, கேட்ட வினாவுக்கு விடை எழுதுவதே அதன் வழக்கம். கொடுக்காததைக் கேட்கவும் மாணவர் பழகுதல் நன்று. ஒரு நாள் பத்திக்குப் பதிலாக ஒரு வீட்டு விளம்பரத்தைக் கொடுத்து, ‘இதில் சொல்லப்படாதவை யாவை?’ என்று வினவினால் அப்பாடம் வாழ்க்கைக்கு உதவும். நிலம் யாருடையது, தண்ணீர் எங்கே போகும், ஒரு சம்பளம் நின்றால் என்னாகும் என்று கேட்கக் கற்ற பிள்ளை, பாட்டன் லயன் வீட்டில் அஞ்சி அஞ்சிக் கேட்ட வினாவை அஞ்சாமல் கேட்டு, விடை அறிந்து குடிபுகும்.