கொட்டகையாகிப் பிழைத்த தேவாலயம்

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் கடற்கரைக்குப் போனால் பிராட்வெல்லைப் பார்க்காமல் வராதீங்க. காரை நிறுத்திவிட்டு வயலோரமாக அரை மைல் நடக்கணும். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை அவசியம். கடல் காற்று ஊசியாய்க் குத்தும்!

அங்கே தனியாக நிற்கிறது புனித பேதுரு தேவாலயம். கி.பி. 654-ஐ ஒட்டி செட் என்ற துறவி எழுப்பியது. கல்லுக்கு எங்கே போவது? இடிந்து கிடந்த ரோமானியக் கோட்டையின் கற்களையே எடுத்து, அதன் வாசல் இருந்த இடத்திலேயே கட்டினார்கள்.

பிற்காலத்தில் வழிபாடு நின்று, தானியக் கொட்டகையாகிவிட்டது. வண்டி நுழையச் சுவரை உடைத்த தடம் இன்றும் தெரிகிறது. பார்த்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் கொட்டகையாகப் பயன்பட்டதால்தான் கூரையும் சுவரும் தப்பின! 1920-ல் பழுதுபார்த்து, மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார்கள். இப்போது சட்டமும் காவல் நிற்கிறது.

பாட்டி காலத்துப் பாத்திரத்தைப் பரணில் போடாமல் புழங்கணும் என்பார்களே, அது கட்டடத்துக்கும் பொருந்தும் போலிருக்கு!