நகையும் நேயமும்

சித்திரப்படம் சிறார்க்கே உரியதென நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர் அமெரிக்கரான மைக் ஜட்ஜ். பௌதிகம் கற்றுப் பொறியியலாளராகப் பணியாற்றிய அவர், அலுவலக வாழ்வின் சலிப்பை 1999இல் ‘ஒபிஸ் ஸ்பேஸ்’ என்னும் திரைப்படமாக்கி நகைத்தார். கிரெக் டானியல்ஸுடன் சேர்ந்து அவர் 1997இல் தொலைக்காட்சிக்கு அளித்த ‘கிங் ஒவ் த ஹில்’ என்னும் சித்திரத் தொடரிலோ நகையினூடே நேயமுஞ் சுரக்கின்றது. ரெக்சஸ் மாநிலத்தில் எரிவாயு விற்கும் ஹாங்க், விகடத்தில் நாட்டமுள்ள தன் மகன் பொபியை விளங்கிக்கொள்ள மாட்டாது தவிக்கின்றான். ஆயினும் அவனைக் கைவிடுகின்றானல்லன்.

வகுப்பிற் கோமாளித்தனஞ் செய்த மாணவன் ஒருவனை நாம் ஒருகாற் கடிந்து வெளியே நிறுத்தினோம். அத்தொடரைக் கண்டு சிரித்த இரவில் அவன் முகமே எம் கண்முன் நின்றது. இன்று அத்தகையோனை முன்வாங்கில் இருத்திக் கதை சொல்லப் பணிக்கின்றோம். வகுப்போடு சேர்ந்து நாமும் நகைக்கின்றோம்.